களிமண்ணில் அருமண் தனிமங்கள்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் தேடுவோருக்கு

கடலூர் மாவட்டத்துக் களிமண் ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்புகிறீர்கள். மொத்த அருமண் தனிமங்கள் (லாந்தனம், சீரியம், நியோடைமியம், இட்ரியம் போன்றவை) 600 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 600 பங்கு, என்று முடிவு வருகிறது. பூமியின் மேலோட்டுச் சராசரியைப் போல மூன்று மடங்குக்கு மேல். சீனாவின் தென்பகுதியில் இதைவிடக் குறைந்த தரத்திலேயே சுரங்கம் நடத்துகிறார்கள். அப்படியானால் இங்கே ஒரு படிவு இருக்கிறதா?

அந்த எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. எவ்வளவு இருக்கிறது என்பதற்கு முன்னால், எந்த வடிவில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். நம் பகுதியில் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

களிமண்ணில் இந்தத் தனிமங்கள் மூன்று விதமாகத் தங்கும். ஒன்று, கயோலினைட், ஹாலோய்சைட் போன்ற களிமண் கனிமங்களின் மேற்பரப்பில் அயனியாக ஒட்டியிருப்பது. இரண்டு, இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளுக்குள் மாட்டியிருப்பது. மூன்று, மோனசைட், செனோடைம், சிர்க்கான் போன்ற கரையாத மணிகளுக்குள் இருப்பது. முதல் வகையை மட்டும்தான் சாதாரண உப்புக் கரைசலால் கழுவி எடுக்கலாம். 1969இல் சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்தில் கண்டறியப்பட்ட அயனிக் களிமண் படிவுகள் இந்த வகை. அங்கே தரம் பெரும்பாலும் 0.03 முதல் 0.2 சதவீதம்; அதாவது டன்னுக்கு முந்நூறு கிராமிலிருந்து இரண்டு கிலோ. இவ்வளவு குறைந்த தரத்திலும் வேலை கட்டுப்படியாவதற்குக் காரணம், பாறையை உடைக்கவோ அரைக்கவோ வேண்டியதில்லை. அம்மோனியம் சல்பேட் கரைசல் போதும். டிஸ்ப்ரோசியம், டெர்பியம், இட்ரியம் போன்ற கனத்த வகைகளும் அங்கே கூடுதலாகக் கிடைக்கின்றன. அதற்கான விலையை நிலத்தடி நீரில் அம்மோனியாவாகவும் நிலச்சரிவுகளாகவும் அந்த ஊர்கள் கொடுத்திருக்கின்றன. நிலத்தடி நீரை நம்பியே விவசாயம் நடக்கும் நம் மாவட்டத்தில் இதை ஒரு நாளும் மறக்கக் கூடாது.

நம் ஊர் நில அமைப்புக்கு வருவோம். மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால், விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் பக்கம் சார்னோகைட், நைஸ், கிரானைட் போன்ற பழம்பாறைகள். புதுச்சேரிக்கு வடமேற்கே வழுதாவூர்ப் பக்கம் கிரெட்டேசியஸ் காலக் கடற்படிவுகள் ஒரு சிறு பட்டையாக வருகின்றன. அதன் மேல் கடலூர் மணற்பாறை: மணல், கூழாங்கல், இடையிடையே வெள்ளை, மஞ்சள், ஊதா நிறக் களிமண் அடுக்குகள், உச்சியில் செம்பூரான் கல் மூடி. திருவக்கரைக் கல்மரங்கள் கிடப்பது இந்த அமைப்பில்தான். பொம்மையார்பாளையம் பக்கத்துச் செம்மண் ஓடைகளில் இதன் வெட்டுமுகம் நன்றாகத் தெரியும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேல் எடுத்துக் குவிக்கும் மேல்மண்ணும் இதுவே. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலுக்கு நெய்வேலிக் களிமண் பழக்கமான சரக்கு. கடைசியாகத் தென்பெண்ணை, கெடிலம், சங்கராபரணி ஆறுகளின் வண்டலும் கடற்கரை மணலும்.

அயனிக் களிமண் உருவாக வேண்டுமானால், தாய்ப்பாறை இருந்த இடத்திலேயே மக்கிச் சிதைந்திருக்க வேண்டும். பாறையில் எளிதில் சிதையும் அருமண் கனிமங்கள், உதாரணமாக அல்லனைட், அப்பட்டைட், ஃப்ளூரோகார்பனேட் வகைகள் இருக்க வேண்டும். மேலிருந்து இறங்கும் அமில நீர் அவற்றைக் கரைத்து, கொஞ்சம் ஆழத்தில், அமிலம் தணியும் இடத்தில் களிமண்ணில் ஒட்டவைக்க வேண்டும். கடலூர் மணற்பாறைக் களிமண்ணோ ஆறு அடித்துக்கொண்டு வந்து போட்டது. ஒட்டியிருந்த அயனிகள் வழியிலேயே பெரும்பாலும் கழுவப்பட்டிருக்கும். கரையாத மோனசைட்டும் சிர்க்கானும்தான் கூடவே பயணம் செய்து வந்து சேரும். ஆகவே இந்தக் களிமண்ணில் எண் அதிகமாக வந்தால் என் முதல் சந்தேகம் மோனசைட் மீது. அயனி வகையைத் தேடுவதானால் மேற்கே, சிதைந்த பாறை தடிமனாக நிற்கும் இடங்களில் தேடுவதே நியாயம். செஞ்சிப் பக்கம் பாறை நேரடியாக வெளியே நிற்கும் இடங்களை விட்டுவிடலாம். சாலை வெட்டுகள், கிணற்றுச் சுவர்கள், கல்குவாரிகளின் மேல்மண் ஆகியவற்றில்தான் சிதைபாறையின் முழு அடுக்கும் தெரியும்.

கிள்ளை, பிச்சாவரம் போன்ற உப்பங்கழி ஓரக் களிமண்ணில் ஒட்டிய அயனியை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சீனாவில் தொடக்கத்தில் இந்தத் தனிமங்களைக் கழுவி எடுத்ததே சாதாரண உப்புக் கரைசலால்தான். கடல் நீர் ஊறிய களிமண்ணில் அந்த வேலையில் ஒரு பகுதி ஏற்கெனவே நடந்திருக்கும்.

மாதிரி எடுப்பது

அடிப்படை வரைபடம் முதலில். பழைய எண்முறையில் புதுச்சேரி 58 எம்/13, பண்ருட்டி 58 எம்/9, நெய்வேலி 58 எம்/6, விழுப்புரம் 58 எம்/5, திருவக்கரை 57 பி (P)/12 தாள்களில் வரும். இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் பூகோஷ் இணையதளத்தில் நிலவியல் எல்லைகளும், 1:50,000 அளவிலான தேசியப் புவிவேதி வரைபடத் தரவும் கிடைக்கும். அவை ஓடை வண்டல் தரவுகள். எங்கே நடக்க வேண்டும் என்று சொல்லும். களிமண் அடுக்குக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாது. ஜிபிஎஸ்ஸின் ஆயத்தொலை அமைப்பை டபிள்யூஜிஎஸ் 84, யூடிஎம் 44 வடக்கு மண்டலம் என்று தொடக்கத்திலேயே ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

செயற்கைக்கோள் படத்தை அளவோடு நம்புங்கள். கயோலினைட் 2.16, 2.20 மைக்ரான் அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சி இரட்டைப் பள்ளம் காட்டும். நியோடைமியத்துக்கு 0.74, 0.80 மைக்ரான் அருகே தனி அடையாளம் உண்டு. ஆனால் சில நூறு பிபிஎம் அளவில் அது மேலிருந்து தெரியாது. பண்ருட்டி, நெய்வேலி பக்கம் முந்திரித்தோப்பு, கடற்கரைப் பக்கம் சவுக்கு. மண்ணே தெரியாத இடத்தில் கயோலினைட்டும் தெரியாது. செம்மண் ஓடைகளும் வெட்டுக்குழிகளும்தான் மிச்சம்.

வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு, ஜனவரிக்கு மேல் களத்தில் இறங்குவது நல்லது. ஓடைச் சுவர்கள் புதிதாக அரிந்து முகம் தெளிவாக இருக்கும். ஆனால் அதே சுவர்கள்தான் சரியவும் செய்யும். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான குழியில் முட்டுக் கொடுக்காமல், தனியாக, இறங்கவே கூடாது. களிமண்ணுக்கு அடியில் மணல் அடுக்கு இருந்தால் மணல் முதலில் உதிரும். பிறகு மேலே உள்ள களிமண் கட்டியாக விழும்.

வெட்டுமுகத்தை 20 செ.மீ. ஆழமாவது செதுக்கிப் புது முகம் காட்டுங்கள். மேலிருந்து கீழாக 50 செ.மீ. அல்லது ஒரு மீட்டர் இடைவெளியில், ஒவ்வொன்றிலும் சுமார் ஒரு கிலோ, ஒரே அகலக் கீற்றாக எடுக்க வேண்டும். நிறமோ அமைப்போ மாறும் இடத்தில் மாதிரியை முறித்துவிட வேண்டும். இரண்டு அடுக்கைச் சேர்த்து ஒரே பையில் போட்டால் இரண்டுமே வீண். வயலாக இருந்தால் மேல் 30 செ.மீ. மண்ணைத் தனியாக வையுங்கள். சூப்பர் பாஸ்பேட் உரம் பாறைப் பாஸ்பேட்டிலிருந்து செய்வது. அதில் அருமண் தனிமங்கள் கூடவே வரும். நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு வயலில் ஆண்டாண்டாகப் போட்ட உரம் உங்கள் மேல் மாதிரியில் பேசும். அனல்மின் நிலையத்துக்கு அருகே என்றால் படிந்த சாம்பலும் அப்படித்தான்.

ஆழத்துக்குக் கை ஆகர் (கையால் சுழற்றும் துளைக்கருவி) சில மீட்டர் வரை உதவும். கூழாங்கல் அடுக்கு வந்தால் நின்றுவிடும். போர் வண்டி வைத்தால் துளையில் பென்டோனைட் சேறு (துளை சரியாமல் இருக்க ஊற்றும் களிமண் குழம்பு) ஊற்ற விடாதீர்கள். பென்டோனைட்டின் அயனிப் பரிமாற்றத் திறன், அதாவது அயனிகளைப் பிடித்து மாற்றிக்கொள்ளும் திறன், நூறு கிராமுக்கு 80 மில்லி ஈக்விவலென்டுக்கு மேல் இருக்கும். கயோலினைட்டுக்கு 3 முதல் 15 வரைதான். மாதிரியில் கொஞ்சம் கலந்தாலும் நீங்கள் அளப்பது அடுக்கின் களிமண்ணை அல்ல, போர்க்காரரின் சேற்றை. தவிர்க்க முடியாவிட்டால் சேற்றையும் ஒரு மாதிரியாக எடுத்து அனுப்புங்கள்.

பட்டா நிலத்தில் உரிமையாளர் சம்மதம் வேண்டும். திருவக்கரைக் கல்மரப் பூங்காவில் கை வைக்கக் கூடாது. வணிக நோக்கில் தேடுவது 1957ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி உரிமம் வேண்டிய வேலை. 2023 திருத்தத்தில் யுரேனியமும் தோரியமும் இல்லாத அருமண் கனிமங்கள் முக்கியக் கனிமப் பட்டியலுக்கு வந்தன. மோனசைட் அணுக் கனிமப் பட்டியலில் இருக்கிறது. ஆக, எந்த வடிவில் இருக்கிறது என்ற கேள்வி சட்டத்துக்கும் முக்கியம்.

மோனசைட்டா, அயனியா

களத்திலேயே முதல் சோதனை செய்யலாம். கையடக்கக் காமா நிறமாலைமானி (காமாக் கதிர்களின் ஆற்றலை அளக்கும் கருவி) இருந்தால் 2.62 எம்இவி உச்சம் தோரியத்தைக் காட்டும். இந்தியக் கடற்கரை மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 சதவீதம் வரை. அருமண் ஆக்சைடு பாதிக்கு மேல். களிமண்ணில் வெறும் 0.05 சதவீதம் மோனசைட் கலந்திருந்தால் போதும்: ஆக்சைடுக் கணக்கில் 280 பிபிஎம் அளவு அருமண் சேரும், கூடவே தோரியம் 40 பிபிஎம் வரும். மொத்த அருமண்ணைத் தோரியத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். புள்ளிகள் ஒரே நேர்க்கோட்டில் ஏறினால், பாஸ்பரசும் கூட ஏறினால், அது மோனசைட்தான். இட்ரியமும் கனத்த வகைகளும் சிர்க்கோனியத்தோடு சேர்ந்து ஏறினால் சிர்க்கானையும் செனோடைமையும் சந்தேகியுங்கள். மாதிரியில் கொஞ்சத்தைக் கும்பாவில் அலசி, கனமணிகளை லென்ஸில் பார்ப்பது செலவில்லாத இன்னொரு வழி. தேன் மஞ்சள் நிற உருண்டை மணிகள் கண்ணில் படும்.

கழுவிப் பார்க்கும் சோதனைதான் தீர்ப்பு. லிட்டருக்கு 66 கிராம் ஆய்வகத் தர அம்மோனியம் சல்பேட் கரைத்தால் 0.5 மோலார் கரைசல். கந்தக அமிலம் சில சொட்டு விட்டு பிஹெச்சை 4க்குக் கொண்டுவாருங்கள். உலர் எடையில் 20 கிராம் களிமண்ணுக்கு 200 மி.லி. கரைசல், ஒரு மணி நேரம் குலுக்கி, சுழலியில் பிரித்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து வைக்க வேண்டும். உரக்கடை அம்மோனியம் சல்பேட் வேண்டாம்.

இதோடு இரண்டு ஒப்புச் சோதனைகள் கட்டாயம். வெறும் காய்ச்சி வடித்த நீரில் ஒன்று. அதில் கணிசமாக வந்தால் நுண்களிமண்ணே வடிகட்டியைத் தாண்டியிருக்கிறது. அம்மோனியம் இல்லாமல் பிஹெச் 4 அமிலத்தில் இன்னொன்று. அதில் வருவது அமிலம் கரைத்தது, அயனிப் பரிமாற்றம் அல்ல. கரைசலில் அலுமினியம், இரும்பு, தோரியம், இறுதி பிஹெச் எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். பிஹெச்சை 1 வரை இறக்கிவிட்டு அதிக மீட்பு காட்டும் அறிக்கைகளைப் பார்த்தால் எச்சரிக்கையாக இருங்கள். அந்த அமிலத்தில் அப்பட்டைட்டும் ஆக்சைடுகளும் கரைந்துவிடும். அதை அயனிக் களிமண் என்று சொல்வது சரியல்ல.

இந்தக் கரைசலை ஐசிபி-எம்எஸ்ஸில் (அணுக்களை நிறை வாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) அப்படியே விடக் கூடாது. 6.6 சதவீத உப்பு கருவியின் நுழைவுக் கூம்பை அடைத்துவிடும். கருவி தாங்குவது சுமார் 0.2 சதவீதம். ஐம்பது மடங்கு நீர்க்கச் செய்து, ரோடியமோ இண்டியமோ தெரிந்த அளவில் சேர்த்து ஒப்பீட்டுக்கான உள்தரமாக வையுங்கள்.

மொத்த அளவுக்கு வேறு வழி. நான்கு அமிலத்தில் கரைத்தால் சிர்க்கானும் மோனசைட்டில் ஒரு பகுதியும் கரையாமல் அடியில் நிற்கும். எண் குறைவாக வரும். கனத்த வகைகள் இன்னும் குறைவாக வரும். லித்தியம் போரேட்டோடு சேர்த்து உருக்கிக் கரைக்கும் முறைதான் முழுக் கணக்கு தரும். இரண்டு முறையிலும் செய்து வித்தியாசத்தைப் பார்த்தால், கரையாத மணிகளில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அதுவே ஒரு குறிப்பு.

கருவியில் இன்னொரு பொறி பேரியம். பேரியம் ஆக்சைடு அயனி 151, 153 நிறைகளில் யூரோப்பியத்தின் மேல் விழும். மாங்கனீசு கறுத்த செம்பூரான் கல் மாதிரிகளில் பேரியம் தாராளமாக இருக்கும். யூரோப்பியம் பொய்யாக உயர்ந்து காட்டும். பிரசியோடைமியம் ஆக்சைடு கடோலினியம் 157 மேலும், நியோடைமியம் ஆக்சைடு டெர்பியம் 159 மேலும் விழும். சீரியம் ஆக்சைடு விகிதத்தை 2 சதவீதத்துக்குள் வைத்து, திருத்தக் காரணியைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள். இருபது மாதிரிக்கு ஒரு இரட்டை (அதே மாதிரி மறுமுறை), ஒரு வெற்று (மாதிரி சேர்க்காதது), ஒரு சான்றுத் தரம் (அளவு முன்பே தெரிந்த மாதிரி) என்ற கணக்கில் குறைக்காதீர்கள்.

எந்தக் களிமண் கனிமம் என்று பார்க்க எக்ஸ்ஆர்டி, அதாவது எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் சோதனை. 2 மைக்ரானுக்குக் கீழான பகுதியைப் பிரிக்கும்போது நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுங்கள். நீரில் கலக்கி, பெரிய துகள்கள் 10 செ.மீ. ஆழத்துக்குக் கீழே இறங்க 20 டிகிரியில் ஏழே முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். 30 டிகிரியில் ஆறு மணி பத்து நிமிடம் போதும். பாடநூலில் உள்ள 20 டிகிரி நேரத்தை மே மாத அறையில் பின்பற்றினால் உங்களுக்குக் கிடைப்பது இன்னும் நுண்ணிய பகுதி மட்டுமே. களிமண் பிரிந்து மிதக்கச் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் போடுவது வழக்கம். எக்ஸ்ஆர்டிக்கு அது சரி. கழுவும் சோதனைக்குப் போகும் பங்கில் போடக் கூடாது, பாஸ்பேட் அருமண் தனிமங்களைப் பிடித்துப் படியவைத்துவிடும்.

கயோலினைட்டின் 7.15 ஆங்ஸ்ட்ராம் உச்சம் 550 டிகிரிக்குச் சூடாக்கினால் மறையும். நீர் உள்ள ஹாலோய்சைட் 10 ஆங்ஸ்ட்ராமில் நிற்கும். உலர்ந்தால் 7க்கு இறங்கிவிடும், திரும்ப ஏறாது. அதனால் எக்ஸ்ஆர்டி பங்கை ஈரத்தோடு மூடி வையுங்கள். உலர்ந்துவிட்டால் பிரித்துக் காட்ட ஃபார்மமைடு சோதனை தேவைப்படும். 105 டிகிரி அடுப்பு ஈரப்பத அளவுக்கு மட்டும். மற்றப் பங்குகளை 40 டிகிரிக்குள் உலர்த்துங்கள்.

வரைபடத்துக்கு வருமுன்

சிதைபாறை அடுக்கில் எண் கூடியிருப்பதெல்லாம் சேர்க்கை அல்ல. மற்றவை கரைந்து போனதால் மிஞ்சியது செறிவாகத் தெரியலாம். தாய்ப்பாறையில் அருமண் 200, சிர்க்கோனியம் 150. சிதைந்த மண்ணில் அருமண் 400, சிர்க்கோனியம் 300 என்றால் ஒரு கிராம்கூடச் சேரவில்லை. எப்போதும் சிர்க்கோனியத்தாலோ டைட்டேனியத்தாலோ வகுத்துத் தாய்ப்பாறையோடு ஒப்பிடுங்கள். சீரியம் இங்கே நல்ல சாட்சி. அது நான்காம் நிலைக்கு ஆக்சிஜனேற்றம் அடைந்து மேலேயே தங்கிவிடும். மற்றவை கீழே இறங்கும். மேல் அடுக்கில் சீரியம் மிகையாகவும் அதற்குக் கீழே குறைவாகவும் வந்தால், அந்த இடத்தில் நீர் உண்மையிலேயே தனிமங்களை நகர்த்தியிருக்கிறது. ஆழத்தோடு எந்த ஒழுங்கும் இல்லாமல் ஏறி இறங்கினால், ஆறு கொண்டுவந்து போட்ட மண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வரைபடம் ஒன்றல்ல, மூன்று வேண்டும்: மொத்த அளவு, கழுவினால் வரும் அளவு, இரண்டுக்குமான விகிதம். என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் முதல் பக்கத்தில் வர வேண்டும். க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் புள்ளிகளின் அளவை வைத்து முதலில் காட்டுங்கள். உடனே கிரிகிங் (புள்ளிகளுக்கு இடையிலான மதிப்பை ஊகிக்கும் கணக்கு) போட்டு வண்ணப் பரப்பாக்க வேண்டாம். கடலூர் மணற்பாறைக் களிமண் அடுக்குகள் வில்லை வில்லையாக வந்து மறைபவை. 500 மீட்டர் இடைவெளிப் புள்ளிகளை மென்பொருள் அழகாக இணைத்துவிடும். நடுவில் மணல்தான் இருக்கும். ஒவ்வொரு வில்லைக்கும் மேல்மட்டம், கீழ்மட்டம், எல்லை தனியாக வரைந்து, அதற்குள் மட்டும் கணக்குப் போடுங்கள். இந்தத் தரவு பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்தே வரும். மடக்கை எடுத்து, சராசரிக்குப் பதில் இடைநிலையைப் பாருங்கள்.

அளவுக் கணக்கில் தவறு நுழைவது ஈர எடையில். உதாரணத்துக்கு ஒரு சதுர கி.மீ. பரப்பு, 4 மீட்டர் தடிமன், உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 1.5 டன் என்றால் 60 லட்சம் டன் களிமண். 500 பிபிஎம் ஆக்சைடு என்றால் 3,000 டன். கழுவினால் வருவது அதில் பத்தில் ஒரு பங்கு என்றால் 300 டன். ஈர அடர்த்தியைப் போட்டிருந்தால் 20 சதவீதம் தண்ணீரையும் சேர்த்து விற்றிருப்பீர்கள். தனிமமாகச் சொல்கிறீர்களா, ஆக்சைடாகவா என்பதையும் எழுதுங்கள்: லாந்தனத்துக்கு 1.173, சீரியத்துக்கு 1.228, நியோடைமியத்துக்கு 1.166, இட்ரியத்துக்கு 1.270 ஆல் பெருக்க வேண்டும். இட்ரியம் மொத்தத்தில் சேர்ந்திருக்கிறதா, ஸ்காண்டியம் சேர்ந்திருக்கிறதா என்பதும் விளக்கக் குறிப்பில் இருக்க வேண்டும். கூடவே கழுவிய கரைசலின் செறிவு, பிஹெச், நேரம், களிமண்–கரைசல் விகிதம் நான்கையும் அதே குறிப்பில் போட்டுவிடுங்கள். அடுத்து வருபவர் அதே இடத்தில் அதே சோதனையைச் செய்து உங்கள் எண்ணைச் சரிபார்க்க அவை இல்லாமல் முடியாது.